சந்தனம் அடைத்த துளை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். இருபத்திரண்டு வருடமாக நான் எழுதியதெல்லாம் கம்பெனியின் மெயின்டனன்ஸ் நோட்டில் "பெல்ட் மாற்றப்பட்டது", "ஃப்யூஸ் போடப்பட்டது", "சத்தம் வருகிறது, கவனிக்கவும்" என்பவை மட்டும்தான். அவற்றையும் யாராவது படித்தார்களா என்பது தெரியாது. நாலு பேர் நடுவில் பேசவே கூசுகிற ஆள், இத்தனை பக்கம் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் நின்றுவிட்டேன். அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது எண்ணூர் பக்கத்தில், சமையல் எண்ணெயை பாட்டிலில் அடைக்கிற ஒரு கம்பெனியில். கப்பலில் வந்த எண்ணெய் டேங்கில் நிற்கும். அங்கிருந்து எங்கள் லைனுக்கு வரும். முதல் மெஷின் எண்ணெய் நிரப்பும், இரண்டாவது மூடி போடும், மூன்றாவது லேபிள் ஒட்டும். மூன்றுக்கும் ஆள் உயரத்தில் ஆளுக்கொரு பேனல். பேனலுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதற்குள் ஒரு கடிகாரம். கடிகாரம் இருப்பது வெகு நாள் எனக்கே தெரியாது. முள்ளும் கிடையாது, சத்தமும் கிடையாது.

மூடி போடும் மெஷினில் அவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். கணவர் இறந்து, மகளைக் கட்டிக்கொடுத்து, தண்டையார்பேட்டையில் தனியாக இருந்தார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்கா. நான் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இன்னாங்க" என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திக்கொள்வேன். அவருக்கு அது தமாஷாக இருக்கும்.

"இன்னாங்கன்னு ஆரம்பிச்ச. அப்பால ஒண்ணையும் காணோமே. மீதிய வூட்ல வெச்சிட்டு வந்துட்டியா நைனா?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடியும். கேட்டிலிருந்து கத்திவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் வண்டியைப் பிடிப்போம். பெண்கள் பெட்டி இருந்தும் அவர் பொதுப் பெட்டியில்தான் ஏறுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. விம்கோ நகர், திருவொற்றியூர், வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை. அவர் பேசுவார், நான் கேட்பேன். தண்டையார்பேட்டையில் இறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் "வர்ட்டா" என்பார். அதற்குப் பிறகு கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, நான் அண்ணன் குடும்பத்தோடு இருக்கும் ராயபுரம். அந்த மூன்று ஸ்டேஷனும் அவர் அன்று சொன்னதை மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்கு எனக்குச் சரியாக இருக்கும்.

அவர் கைக்கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடும். ரயிலை விட்டுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் என் கடிகாரத்தையும் ஏழு நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் கிளம்பும் நேரத்துக்கு நானும் கேட்டில் இருக்கலாம் அல்லவா. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இனி ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும்.

அன்று எங்கள் கம்பெனியில் உற்பத்தி கிடையாது. மெஷின்களையெல்லாம் நிறுத்தி, கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்துக் கும்பிடுவோம். பேனல்களைத் திறந்து தூசி துடைப்பது என் பொறுப்பு. நடுப் பேனலுக்குள் இரண்டு நெட்வொர்க் பெட்டிகள் மேலும் கீழுமாக இருந்தன. மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மேல் பெட்டி வழியாக. கீழே இருந்தது கேமராக்களுடைய பெட்டி. இரண்டையும் ஒரு சின்ன கேபிள் இணைத்திருந்தது. மூடி மெஷினிலிருந்து வருகிற நீல கேபிளை உருவிவிட்டுத் துடைத்தேன். பிறகு வழக்கம்போல ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். அந்த வருடம் சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துவிட்டிருந்தார்கள். மேல் பெட்டியில் வைத்த பொட்டு ஒழுகி, நீல கேபிள் செருக வேண்டிய துளைக்குள் இறங்கிவிட்டது.

ஈரத் துளைக்குள் செருகினால் ஏதாவது வெடித்துவிடுமோ என்று பயம். கீழ்ப் பெட்டியில் ஒரு துளை காலியாக இருந்தது. அதில் செருகினேன். பச்சை விளக்கு மினுங்கியது. பச்சை என்றால் சரி, இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கற்பூரம் காட்டினோம், பூசணிக்காய் உடைத்தோம். அவர் பொரியைக் காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "ரயில்ல துன்னு. வாயாவது அசையட்டும்" என்றார்.

லைன் நன்றாகத்தான் ஓடியது. பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், எண்ணெய் நிரப்பும் மெஷினில் பாட்டில் சிக்கியது. லைன் முழுவதும் ஒரு குலுக்கல் குலுங்கி நின்றது. எண்ணெய் ஊற்றும் குழாய்கள் நாலைந்து வளைந்து போயின. மூடி மெஷினின் கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது.

அந்தக் கதவு திறந்தால் மூடி மெஷின் தானாக நின்றுவிடும். அது பாதுகாப்புக்காக வைத்தது. ஆனால் கோணலாக விழுந்த மூடியை எடுக்க, ஓடும்போதே கதவைத் திறந்து கையை விடுகிற பழக்கம் லைனில் பலருக்கு உண்டு. அதனால் கதவை அவர்தான் திறந்தார், மூடி மெஷின் நின்றது, பின்னால் வந்த பாட்டில்கள் முட்டிக்கொண்டன, முதல் மெஷின் உடைந்தது என்று பேச்சாகிவிட்டது. அவர் இல்லை என்றார். பாட்டில் சிக்கிய குலுக்கலில் கதவு தானாகத் திறந்துகொண்டது என்பது அவர் சொன்னது.

எது முதலில் நடந்தது என்பதுதான் கேள்வி. மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு காகிதம் எடுத்து வைத்திருந்தார். எந்த மெஷினில் எந்த நொடியில் என்ன நடந்தது என்று அதில் இருக்கும். லைனில் இருந்த எங்கள் ஏழெட்டுப் பேரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"கதவு திறந்திருக்கு. முப்பது மில்லி செகண்ட் கழிச்சுத்தான் ஃபர்ஸ்ட் மெஷின்ல பாட்டில் சிக்கியிருக்கு. மெஷின் பொய் சொல்லுமாம்மா?"

"மெஷினும் சொல்லல, நானும் சொல்லல சார். மொதல்ல அதான் சிக்குச்சு. லைனே ஒரு ஆட்டு ஆடுச்சு. அப்பாலதான் கதவு தெறந்துகிச்சு."

"பேப்பர்ல அப்படி இல்லையே."

"அந்த முப்பதுன்றது எம்மாத்தம் நேரம் சார்? கண்ணு சிமிட்டுற நேரமா?"

"அதவிடக் கம்மி."

"கண்ணு சிமிட்டுறதுக்குள்ளாற எம் பொழப்ப முடிச்சிட்டீங்களே சார்."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை. எங்களைப் பார்த்து, "சமீபத்துல பேனல்ல யாராவது கை வெச்சீங்களாய்யா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டார்.

எனக்கு நீல கேபிள் ஞாபகம் வந்தது. சந்தனம் ஞாபகம் வந்தது. பச்சை விளக்குதானே எரிகிறது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதிப் பாதி பயமும் கூச்சமும். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும். பழி சுமந்து நின்றவர் ஒரு முறை என் பக்கம் பார்த்தார். எதையும் கேட்கிற பார்வை இல்லை அது, சும்மா பார்த்ததுதான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவர் கான்ட்ராக்ட் ஆள் என்பதால் மறுநாளிலிருந்து கேட் பாஸ் நின்றுபோனது. ஓடும் மெஷினில் கதவைத் திறந்தவர் என்ற பேச்சு எங்கள் பக்கத்து கம்பெனிகளுக்குப் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. கான்ட்ராக்டர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மணலியில் ஒன்று, டோல்கேட் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாராம். முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று லேபிள் மெஷினில் இருக்கும் பெண் சொன்னாள்.

அந்தத் தீபாவளியும் பொங்கலும் எப்படிப் போயின என்று சொல்ல எனக்கு வார்த்தை போதாது. ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் முன்பே என் கடிகாரத்தில் ஐந்து ஆகிவிடும். அதைத் திருப்பி வைக்க மனம் வரவில்லை. கேட்டில் வந்து நிற்பேன். யாருக்காகவும் இல்லை. பொதுப் பெட்டியில் ஜன்னல் பக்கம் இரண்டு இடம் காலியாக இருந்தால் ஒன்றில் உட்காருவேன். தண்டையார்பேட்டை வரும்போது எழுந்து வழிவிடுவது பழக்கமாகிவிட்டதால், யாரும் இறங்காவிட்டாலும் காலை மடக்கிக்கொள்வேன். அதற்கப்புறம் வருகிற மூன்று ஸ்டேஷனுக்கு ஓட்டிப் பார்க்க என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. பழையதையே ஓட்டினேன். பொரி மடித்துக் கொடுத்த காகிதம் ரொம்ப நாள் சட்டைப் பையில் இருந்தது. அண்ணி துவைக்கப் போடும்போது எடுத்துப் போட்டுவிட்டார்.

பொங்கல் முடிந்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். லைனின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. நாற்பது வயது இருக்கும். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஏணி பிடிக்கவும் கேபிள் இழுக்கவும் என்னை அவரோடு விட்டார்கள்.

வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் கடிகாரங்களைச் சரி செய்ய வேண்டும் என்றார் அவர். எனக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதைக் கண்டுகொண்டார். டீ வந்த நேரத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

"மூணு மெஷினும் ஒண்ணுக்கொண்ணு சேர்ந்து ஓடோணும்னா மூணுக்கும் ஒரே நேரம் இருக்கோணுமுங்ண்ணா. ஆனா எந்த ரெண்டு கடிகாரமும் ஒரே மாதிரி ஓடாது. பாய்லர் பக்கத்துல இருக்கறது சூட்டுக்கு ஒரு மாதிரி ஓடும். அதனால ஒருத்தர் தலைவர். அவரு அப்பப்ப மத்தவங்களுக்கு நேரம் சொல்லிட்டே இருப்பாருங்."

"சரிங்க சார்."

"இப்ப, தலைவர் 'மணி பத்து'ன்னு சொல்லி அனுப்பறாரு. அது கேபிள்ல போய்ச் சேர்றதுக்குள்ள பத்து தாண்டிரும் இல்லீங்? எவ்வளவு தாண்டுச்சுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? இந்தப் பக்கமிருந்து ஒரு சேதி போயிட்டு, பதில் வரும். போக வர ஆன நேரத்தைப் பாதியாக்கினா, ஒரு வழிக்கு ஆன நேரம் கிடைச்சிரும்."

"போறதும் வர்றதும் ஒரே நேரம் ஆவும்னு எப்படி சார் சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நான் கேட்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதத்தானுங்ண்ணா எல்லாரும் நம்பறாங்க. அது பொய்யாப் போச்சுன்னா கணக்கே போச்சு."

எனக்கு அது உடனே பிடிபட்டது. காசிமேடு ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம் முழுக்க வரிசையில் நிற்கும். எதிர்ப் பக்கம் காலியாக இருக்கும். போக ஒன்றரை மணி நேரம், திரும்ப இருபது நிமிடம். அந்த ரோட்டில் போக வர ஆன நேரத்தைப் பாதியாக்கி, ஒரு வழிக்கு இவ்வளவு என்று சொன்னால் லாரி டிரைவர் சிரிப்பான்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒவ்வொரு பேனலாக அளந்தார். முதல் மெஷின், மூன்றாவது மெஷின் இரண்டின் கடிகாரமும் தலைவரோடு ஒட்டி நின்றன. மூடி மெஷினுடையது மட்டும் தள்ளி நின்றது. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக வெட்டினால், அதில் நாற்பதுக்கு மேல் பின்தங்கிவிடும், சில நேரம் குறையும். வேகமாக ஓடும் லைனுக்கு அது பெரிய தப்பு என்றார். நடுப் பேனலைத் திறந்து டார்ச் அடித்தார். நீல கேபிளை விரலால் பிடித்துக்கொண்டே போனார்.

"இது கேமரா பொட்டிக்கில்ல போகுது. அத்தனை கேமரா படமும் ஒரே பக்கமா வருதுங். நேரம் சொல்ற சேதி அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்கோணும். எதிர்ப்பக்கம் காலி." மேல் பெட்டியில் டார்ச் நின்றது. ஒரு குச்சியை விட்டுச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். "சந்தனமா?"

மேனேஜரும் அங்கே நின்றிருந்தார். இன்ஜினியர் என்னைப் பார்த்து, "இந்தக் கேபிளை யாருங்ண்ணா மாத்துனது? எப்ப மாத்துனது?" என்றார்.

எப்போது என்பதுதான் முக்கியம் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. போன வாரம் கேமரா ஆட்கள் வந்து போயிருந்தார்கள். அவர்கள் மாற்றியது என்று விட்டுவிட்டால் எல்லோருக்கும் சுலபம். அப்படியென்றால் பாட்டில் சிக்கிய அன்று கடிகாரங்கள் சரியாக இருந்தன, காகிதம் சொன்னது உண்மை, கதவைத் திறந்தவர் திறந்தவர்தான். அதற்கு முன்பே மாற்றியது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

"நான்தான் சார். ஆயுத பூஜை அன்னைக்கு. சந்தனம் உள்ள போயிடுச்சு. அதனால கீழ சொருகிட்டேன்."

மேனேஜர் என் கிட்டே வந்தார். "அன்னைக்கு ரூம்ல கேட்டேனேய்யா."

"கேட்டீங்க சார். நான் சொல்லல."

அவர் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "அப்போ அந்த முப்பது மில்லி செகண்ட்?"

"அன்னைக்குச் சரியா எவ்வளவு தள்ளி நின்னுச்சுன்னு இப்பச் சொல்ல முடியாதுங்க. ஆனா எது முன்ன எது பின்னன்னு அந்தப் பேப்பரை வெச்சுச் சொல்லவே முடியாதுங்க."

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். காகிதத்தை நம்பி ஒரு ஆளை அனுப்பியது தவறு, அவர் மீது குற்றம் இல்லை என்று ஒரு கடிதம் எழுதி வைப்பதாகவும், வேலைக்குத் திரும்ப வரச் சொல்லலாம் என்றும் மேனேஜர் சொன்னார். போன் செய்கிறேன் என்றவரிடம், நான் நேரில் சொல்கிறேன் சார் என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அடுத்த மூன்று வாரம் இன்ஜினியரோடு வேலை. கேமராக்களுக்குத் தனி கேபிள் இழுத்தோம். தலைவர் கடிகாரத்தைப் பாய்லர் பக்கத்திலிருந்து ஏ.சி. அறைக்கு மாற்றினோம். பழைய பெட்டிக்குப் பதில் புதியது ஒன்று வைத்தார். தன்னிடம் ஒரு சேதி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அதுவே எழுதி அனுப்புமாம். காத்திருந்த நேரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு என்னவோ போலிருந்தது. கடைசியில் மூன்று கடிகாரமும் ஒன்றாக நின்றன. மில்லி செகண்ட் போய், அதையும் ஆயிரமாக வெட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது என்று அவர் திரையைக் காட்டினார். மூன்று கோடுகள் ஒரே கோடாகத் தெரிந்தன.

அந்த மூன்று வாரமும் மூடி மெஷினில் இருந்தவரிடம் நான் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கடிதம் தயார், இன்னும் ஏன் வரவில்லை என்று மேனேஜரே ஒரு நாள் கேட்ட பிறகு, அன்று சாயங்காலம் வண்ணாரப்பேட்டையில் இறங்கினேன். துணிக்கடைத் தெருவில், லேபிள் மெஷின் பெண் சொல்லியிருந்த நைட்டி மொத்தக் கடையில் அவர் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கடையைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, நைட்டி வோணுமா?"

"இல்லீங்க."

"சரி, இன்னாங்கன்னு ஆரம்பி. கேட்டு மூணு மாசத்துக்கு மேல ஆவுது."

சொன்னேன். சந்தனம், கீழ்த் துளை, மேனேஜர் கேட்டபோது செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும், கையில் இருந்த நைட்டியை ஒரு முறை உதறினார்.

"பயந்துகினியா?"

"ஆமாங்க."

"நான் திட்டணும்னு வந்து நிக்கிறியா?"

அவர் திட்டவில்லை. "சாமி கும்புடப் போயி எம் பொழப்புல சந்தனம் பூசிக்கீற" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் சிரித்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பிறகு கேட்டார்.

"லெட்டர் குடுப்பாங்களா? பேப்பர்ல, சீல் வெச்சு?"

"வெச்சுத் தருவாங்க. நாளைக்கு வந்தா வாங்கிக்கலாம். வேலைக்கும் வரச் சொல்றாங்க."

"டோல்கேட்டாண்ட ஒரு மாத்திரை கம்பெனி கீது. பேக்கிங்கு. எங்க வூட்லேர்ந்து நடந்தே போயிடலாம். முன்ன வேல செஞ்ச எடத்துல இன்னா தகராறுன்னு கேட்டுட்டு வுட்டுட்டாங்க. லெட்டர் இருந்தா சேத்துப்பாங்க."

அவர் கையைப் பார்த்தேன். கடிகாரம் இல்லை. வார் அறுந்துபோனதாம், இப்போது போனில்தான் மணி பார்ப்பதாம். ஏழு நிமிடம் முன்னால் ஓடுகிற கடிகாரம் இனி என் ஒருவனிடம்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

"நீ இன்னும் பொதுப் பொட்டிலதான் ஏறுறியா?"

"ஆமாங்க."

"எடம் கெடைக்குதா?"

"கெடைக்குதுங்க."

அவர் தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து கடை அண்ணாச்சி கூப்பிட்டார். "நாளைக்கி வர்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ராயபுரத்துக்கு அன்று நடந்தே போனேன். வழியெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்றே மனம் சொல்லிக்கொண்டு வந்தது. அன்று இரவு சட்டையை நானே இஸ்திரி போட்டேன்.

மறுநாள் அவர் பத்தரை மணிக்கு கேட்டுக்கு வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டார். லாக்கரில் இருந்த டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு, அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். நான் அப்போது மூன்றாவது பேனலுக்கு மேலே ஏணியில் நின்று பழைய கேமரா கேபிளை உருவிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் செக்யூரிட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.